மென்பொருள் மாநாட்டுக்குப் பில் கட்டோடு போவது

கோயம்புத்தூரில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் கணக்கையும் ஸ்டோரையும் சேர்த்துப் பார்ப்பவன் நான். வார்ப்படங்களை வாங்கிக் கடைந்து, துளையிட்டு, பம்ப் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்புவது எங்கள் தொழில். கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, வரி என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து நடத்தித் தருவதாகச் சொல்லும் ஈஆர்பி மென்பொருள்களைப் பார்ப்பதற்காக, சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கும், எங்கள் ஊர் கொடிசியா வளாகத்துக்கும், பெங்களூருக்கும் முதலாளியோடு சில முறை போய் வந்திருக்கிறேன்.

முதல் முறை நாங்கள் வெறுங்கையோடு போனோம். ஓர் அரங்கின் பெரிய திரையில் ஓடிய வண்ண வரைபடங்களைப் பார்த்து மயங்கி, அன்றே பதிவு செய்தால் 30 விழுக்காடு தள்ளுபடி என்ற பேச்சை நம்பி, அங்கேயே நின்று முன்பணக் காசோலையும் எழுதிக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து, நிறுவும் வேலை பாதி முடிந்திருந்தபோதுதான், அந்த மென்பொருளில் ஒரு பொருளுக்கு ஒரே ஓர் அளவைதான் வைக்க முடியும் என்பது தெரியவந்தது. நாங்கள் வார்ப்படத்தைக் கிலோவில் வாங்குகிறோம், எண்ணிக்கையில் கடைகிறோம், எண்ணிக்கையில் விற்கிறோம், விழும் இரும்புச் சுருளை மறுபடியும் கிலோவில் விற்கிறோம். கிலோவில் வைத்தால் ஸ்டோர் கணக்கு இடித்தது, எண்ணிக்கையில் வைத்தால் கொள்முதல் கணக்கு இடித்தது. முன்பணம் திரும்பி வரவில்லை. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த ஒரு கேள்வியை அரங்கில் கேட்காமல் வந்தது எங்கள் தவறு.

அதன் பிறகு எந்த மாநாட்டுக்குப் போனாலும் கையில் ஒரு பில் கட்டு இல்லாமல் நாங்கள் போவதில்லை. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கட்டைத் தயாரிப்பதைப் பற்றியும், அதை அரங்கில் எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியும்தான்.

எந்த மாநாட்டுக்குப் போவது

இந்தத் துறையில் நடக்கும் கூட்டங்கள் இரண்டு வகை. ஒரே நிறுவனம் தன்னுடைய வாடிக்கையாளர்களுக்காக நடத்துவது ஒரு வகை: சோஹோ நடத்தும் சோஹோலிக்ஸ், எஸ்ஏபி நடத்தும் சஃபையர், பெல்ஜியத்தின் ஓடூ பிரஸ்ஸல்ஸில் நடத்தும் ஓடூ எக்ஸ்பீரியன்ஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. பல நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் அரங்கு எடுக்கும் பொதுக் கண்காட்சி இன்னொரு வகை. இன்னும் எதை வாங்குவது என்று முடிவு செய்யாதவர்கள் பொதுக் கண்காட்சிக்குப் போவது நல்லது, ஏனெனில் ஒரே கேள்வியை ஒரே நாளில் ஐந்து பேரிடம் கேட்டு, ஐந்து பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. ஒரு மென்பொருளை ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்கோ, அதைத்தான் வாங்குவது என்று ஏறக்குறைய முடிவு செய்தவர்களுக்கோ அந்த நிறுவனத்தின் சொந்தக் கூட்டம் ஏற்றது. அங்கே மேடையில் கேட்பதைவிட, தேநீர் இடைவேளையில் வரிசையில் நிற்கும் மற்ற வாடிக்கையாளர்களிடம் கேட்பதில் கிடைக்கும் செய்தி அதிகம்.

போகும் காலத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால், புதிய மென்பொருளுக்கு மாற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தேதியைத்தான் குறி வைக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் மாநாடு பார்த்தால், டிசம்பருக்குள் முடிவு செய்து, மூன்று மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கும். பிப்ரவரியில் பார்த்துவிட்டு ஏப்ரலில் மாறுவேன் என்பவர், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் இரண்டையும் கெடுத்துக்கொள்வார்.

புறப்படுவதற்கு முன் இரண்டு வாரம்

உங்களுக்கு என்ன தேவை என்று முதலாளியிடம் கேட்டால் அவர் ஒன்று சொல்வார், ஆடிட்டரிடம் கேட்டால் அவர் ஒன்று சொல்வார். இருவரையும்விட உண்மையான பட்டியல் அலுவலகக் கணினிகளில் கிடக்கும் எக்செல் கோப்புகளில் இருக்கிறது. இப்போதுள்ள மென்பொருள் செய்யாத ஒவ்வொரு வேலைக்கும் யாரோ ஒருவர் தனியாக ஓர் எக்செல் வைத்திருப்பார். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டைத் திறந்து, யார் எந்த எக்செல்லை எதற்காகத் திறக்கிறார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கள் கூடத்தில் இப்படி எழுதியபோது பதினொரு கோப்புகள் வந்தன. அவற்றில் நான்கு ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தருவதற்காக, வெளியே அனுப்பிய சரக்கைப் பற்றியவை. எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிட்டது.

அடுத்தது பில் கட்டு. சென்ற ஆண்டின் கோப்புகளிலிருந்து சிக்கலான ஐந்தாறு காகிதங்களை மட்டும் எடுத்து நகல் எடுங்கள். சாதாரண விற்பனை பில்லை எந்த மென்பொருளும் அழகாகப் போட்டுக் காட்டும், அதை எடுத்துப் போவதில் பயனில்லை. எங்கள் கட்டில் முதலில் இருப்பது 512 கிலோ, 160 எண்ணிக்கை என்று இரண்டு அளவையும் எழுதிய வார்ப்படக் கொள்முதல் பில். இரண்டாவது, வெளியே துளையிடக் கொடுத்த 100 துண்டுகளில் 96 நல்லதாகவும் 3 பழுதாகவும் திரும்பி, 1 திரும்பாமலே போன ஜாப் ஒர்க் சலான், அதாவது சரக்கோடு போகும் சீட்டு. மூன்றாவது, வாடிக்கையாளர் பெயரில் தவறு இருந்ததால் இரண்டாம் நாள் ரத்து செய்ய வேண்டிவந்த இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில். நான்காவது, அட்டைப் பெட்டிகளுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக 2025 செப்டம்பர் 22-இல் குறைவதற்கு முன் வாங்கி, குறைந்த பிறகு திருப்பி அனுப்பிய பெட்டிகளின் பில். ஐந்தாவது, இரும்பு விலை ஏறியதால் இரண்டு மாதம் கழித்து முன்தேதியிட்ட விலையில் கூடுதல் தொகை கேட்டு வந்த டெபிட் நோட். உங்கள் தொழில் பின்னலாடையாக இருந்தால் சாயப்பட்டறைக்குப் போன துணியின் எடைக் குறைவும், மருந்து மொத்த வணிகமாக இருந்தால் காலாவதி பேட்சும் இந்தக் கட்டில் இருக்கும்.

நகல்களில் வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி பதிவு எண், விலை ஆகியவற்றைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, வேறு பெயரும் வேறு விலையும் எழுதிக்கொள்ளுங்கள். அரங்கில் இருப்பவர் நாளை உங்கள் போட்டியாளரிடமும் பேசுவார். உண்மையான தரவை யாருடைய மடிக்கணினியிலும் ஏற்ற விடாதீர்கள்.

போகிறவர் இருவராக இருக்க வேண்டும். ஒருவர் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர், மற்றவர் தினமும் உட்கார்ந்து பில் போடுகிறவர். முதலாளி மட்டும் போனால் டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு வருவார். கணக்கர் மட்டும் போனால், அவர் திரும்பிவந்து சொல்வது அலுவலகத்தில் எடுபடாது. மென்பொருளுக்கு எதிராகப் பேசுகிற பழைய ஸ்டோர்க்காரர் யாராவது இருந்தால், கூட அழைத்துப் போக வேண்டியவர் அவர்தான் என்பது என் கருத்து. அவர் கேட்கும் முரட்டுக் கேள்விகளுக்கு அரங்கிலேயே பதில் கிடைத்துவிட்டால், நிறுவும் காலத்தில் பாதிச் சண்டை இல்லாமல் போகும்.

பதிவுப் படிவத்தில் கொடுப்பதற்கென்று ஒரு தனி மின்னஞ்சலும், முடிந்தால் இரண்டாவது தொலைபேசி எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் தொங்கும் பேட்ஜில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஓர் அரங்கில் ஸ்கேன் செய்தால், அந்த நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறுகிறது. குலுக்கல் பரிசுக்கென்று வைத்திருக்கும் கண்ணாடிக் குடுவையில் விசிட்டிங் கார்டைப் போடுவதும் அதேதான். எனக்கு அதில் ஒருமுறை தண்ணீர் பாட்டில் விழுந்தது. அழைப்புகள் ஆறு மாதம் வந்தன.

அரங்கில்

கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் சிறந்த நேரம். கூட்டம் குறைவாக இருக்கும், டெமோ காட்டுகிறவருக்கும் அலுப்பு வந்திருக்காது. உணவு இடைவேளைக்குப் பிறகு கல்லூரி மாணவர்களின் கூட்டம் நிறைந்துவிட்டால், ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிது. ஆகவே பார்க்க வேண்டிய நான்கைந்து அரங்குகளை முந்தின நாளே அரங்க வரைபடத்தில் குறித்துவைத்து, அவற்றுக்கு நேராகப் போய்விடுங்கள்.

நோட்டில் ஓர் அரங்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தது, வாயால் சொன்னது, இனிமேல் வரும் என்றது என்று அவற்றுக்குத் தலைப்பு. மாநாட்டிலிருந்து திரும்பிய எவருக்கும் இந்த மூன்றும் இரண்டே நாளில் ஒன்றாகக் கலந்துவிடும். எது திரையில் நடந்தது, எது விற்பனையாளர் கையை ஆட்டிச் சொன்னது என்பது நினைவில் பிரியாது.

டெமோ எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல, சென்ற முறை நடந்த ஒன்றை அப்படியே தருகிறேன். மேசையில் இருந்த இளைஞர் தன்னுடைய மாதிரி நிறுவனத்தைத் திறந்தார். அது நாற்காலிகளும் மேசைகளும் விற்கும் கற்பனைக் கடை. ஆர்டர் வந்தது, பில் ஆனது, வரைபடம் பச்சையாக ஏறியது. எல்லாம் நாற்பது நொடியில் முடிந்தது. நான் ஜாப் ஒர்க் சலானை மேசையில் வைத்து, "தம்பி, இதைப் போட்டுக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். 100 துண்டு வெளியே போவதைச் சரியாகவே போட்டார். இருப்பு நம்முடையதாகவே இருந்து, இடம் மட்டும் ஜாப் ஒர்க்கர் பெயருக்கு மாறியது. அதுவே எல்லா மென்பொருளிலும் நடப்பதில்லை. 96 திரும்பி வந்ததையும் போட்டார். பழுதான 3 துண்டுகளுக்கு வந்தபோது அவருடைய சுட்டி நின்றது. அவற்றை நல்ல இருப்பில் சேர்த்தால் கணக்கு பொய்யாகும், சேர்க்காவிட்டால் அவை ஜாப் ஒர்க்கரிடமே இருப்பதாகக் காட்டும். இரண்டு மூன்று திரைகளைத் திறந்து பார்த்துவிட்டு, "அதை கஸ்டமைசேஷன்ல பண்ணிக்கலாம் சார்" என்றார், அதாவது எங்களுக்கென்று தனியாக மாற்றி எழுதித் தருவார்களாம். திரும்பாத அந்த ஒரு துண்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை. நோட்டின் முதல் பத்தியில் 96 வரையிலும், இரண்டாவது பத்தியில் மீதியும் ஏறின.

அந்த ஒரு துண்டு சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓர் ஆண்டுக்குள் திரும்பி வராமலும், அங்கிருந்தே விற்கப்படாமலும் போனால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரியும் வட்டியும் கட்ட வேண்டிவரும். முதலீட்டுப் பொருளுக்கு இந்தக் கெடு மூன்று ஆண்டு. ஐடிசி-04 படிவத்தில் இந்தக் கணக்கைக் காட்டவும் வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை, மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, பத்து மாதம் தாண்டியும் திரும்பாத சரக்கின் பட்டியலை அந்த மென்பொருள் தானாக எடுத்துத் தருமா என்பதாகும். தரும் என்றால், அங்கேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இ-இன்வாய்ஸை எல்லோரும் செய்து காட்டுவார்கள். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமாகி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் வந்துவிட்ட ஒன்று என்பதால், அது இல்லாத மென்பொருள் அரங்கு எடுக்கவே துணியாது. ரத்து செய்வதில்தான் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு இ-இன்வாய்ஸுக்கும் அரசுத் தளம் தரும் ஐஆர்என் எண்ணை அந்தத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்ய முடியும், அதன் பிறகு பில் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட்தான் போட வேண்டும். இரண்டாம் நாள் ஒருவர் ரத்துப் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் என்ன செய்கிறது? நல்ல மென்பொருள் தடுத்து நிறுத்தி, கிரெடிட் நோட்டுக்கு வழிகாட்டும். மோசமான ஒன்று தன்னுடைய கணக்கில் மட்டும் ரத்து செய்துவிட்டு, அரசுத் தளத்தில் பில்லை உயிரோடு விட்டுவிடும். விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்யும் நாளில்தான் அது தெரியவரும்.

பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது திருத்தப் பதிவு, அதாவது ஆடிட் டிரெயில். கம்பெனிகள் கணக்கு விதிகளின்படி 2023 ஏப்ரல் 1-இல் தொடங்கிய நிதியாண்டிலிருந்து, கணக்கு மென்பொருளில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்திவைக்கவும் முடியாதபடி இருக்க வேண்டும். இதை வாயால் கேட்காமல், ஒரு பில்லின் தொகையை மாற்றச் சொல்லி, மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது, மாற்றியவர் யார் என்பதைத் திரையில் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நிர்வாகியின் கணக்கில் நுழைந்து அந்தப் பதிவை அணைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அணைகிறது என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த அரங்குக்குப் போகலாம்.

சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்கலாம். வருமான வரியில் 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் அவர்களுக்குப் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடிகிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவை யார் பெற்றவர் என்ற குறிப்பு சப்ளையர் பதிவிலேயே இருந்து, நாள் கணக்கு தானாக ஓடினால், மார்ச் மாதத்தில் ஒரு எக்செல் குறையும்.

செயற்கை நுண்ணறிவும் மேடைப் பேச்சும்

இப்போதெல்லாம் எந்த அரங்குக்குப் போனாலும் முதலில் காட்டுவது செயற்கை நுண்ணறிவைத்தான். "சென்ற மாதம் அதிகம் பாக்கி வைத்தவர் யார்?" என்று தட்டச்சு செய்தால் பதில் வருகிறது. அது பயனுள்ளது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலில் வரும் தொகையை அதே திரையில் லெட்ஜரைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், கடிதம் எழுதுவதற்கு வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம், கணக்குக்குப் பயன்படுத்த முடியாது. இல்லாத ஒரு வாடிக்கையாளரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்கிறதா, ஏதாவது ஒரு தொகையைக் கற்பனை செய்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டோர் ஊழியரின் கணக்கில் நுழைந்து மேலாளரின் சம்பளத்தைக் கேட்கச் சொல்வதும் நல்ல சோதனை. மெனுவில் பூட்டியிருக்கும் தகவல் உரையாடல் பெட்டியின் வழியாகக் கசிந்தால், அந்த அனுமதி அமைப்பைக் கவனமாகக் கட்டவில்லை என்று பொருள்.

மேடைப் பேச்சுகளில் தொடக்க உரை ஒன்றை மட்டும் கேட்டால் போதும். நிறுவனம் எந்தத் திசையில் போகிறது, எதைக் கைவிடப்போகிறது என்பது அதில் தெரியும். கைவிடப்போவதைத்தான் கூர்ந்து கேட்க வேண்டும். எஸ்ஏபி தன்னுடைய பழைய ஈசிசி தொகுப்புக்கான வழக்கமான பராமரிப்பை 2027 இறுதியோடு முடிப்பதாக அறிவித்திருப்பதால், அதைப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் 2015-இல் வந்த எஸ்/4 ஹானாவுக்கு மாறும் நெருக்கடியில் இருக்கின்றன. அந்த அரங்குகளில் கேட்கும் அவசரக் குரலுக்குக் காரணம் அதுதான். நம்மைப் போன்ற சிறு தொழிற்கூடங்களுக்கு அந்த அவசரம் இல்லை. புதிய வசதி அடுத்த வெளியீட்டில் வரும் என்று மேடையில் சொன்னால், அது நோட்டின் மூன்றாவது பத்திக்கு. அந்தப் பத்தியில் உள்ள எதற்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

விலையும் ஒப்பந்தமும்

அரங்கில் விலை கேட்டால் ஒரு பயனருக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று சொல்வார்கள். அந்தத் தொகை சிறியதாகவே ஒலிக்கும். ஐந்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டால்தான் அதன் உருவம் தெரியும். ஓர் உதாரணத்துக்கு, பயனருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 12 பேருக்கு ஆண்டுக்கு 2,16,000 ரூபாய், ஐந்து ஆண்டுக்கு 10,80,000 ரூபாய். நிறுவிப் பயிற்சி கொடுக்க 4,00,000 ரூபாயும், மாற்றங்கள் செய்ய ஒரு நாளுக்கு 8,000 ரூபாய் வீதம் 25 நாளுக்கு 2,00,000 ரூபாயும் சேர்ந்தால் மொத்தம் 16,80,000 ரூபாய் ஆகிறது. இதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வரும், அதை உள்ளீட்டு வரவாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது, என்று சொல்லி ஈஆர்பி-நெக்ஸ்ட் போன்றவற்றை இலவசமாகக் காட்டும் அரங்குகளும் உண்டு. உரிமத்துக்குத்தான் விலை இல்லை; நிறுவுகிறவர் தன்னுடைய நாட்களுக்குக் கூலி வாங்கத்தான் செய்வார்.

பயனர் என்பதற்கு அவர்கள் என்ன பொருள் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். பெயர் பதிந்த ஒவ்வொருவரும் கணக்கா, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் மட்டும் கணக்கா? சலான் மட்டும் போடும் ஸ்டோர் ஊழியருக்கும் முழு உரிமம் வாங்க வேண்டுமா? இரண்டு ஷிஃப்டில் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காரும் இருவருக்கு இரண்டு உரிமமா? இந்த மூன்று பதில்களில் மட்டும் மேலே போட்ட கணக்கு பாதியாகலாம், அல்லது இரண்டு மடங்காகலாம்.

இன்னொரு கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. சந்தாவை நிறுத்திவிட்டால் பழைய கணக்கை எப்படிப் பார்ப்பது? கம்பெனிகள் சட்டத்தின்படி கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் வேறு மென்பொருளுக்கு மாறியவர், அதன் பிறகும் எட்டு ஆண்டு வரை பழையதைத் திறந்து பார்க்க முடிய வேண்டும். வெறும் பிடிஎஃப் கட்டாகத் தருவார்களா, பில்லும் லெட்ஜரும் ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளாகத் தருவார்களா என்று கேட்டு, ஒரு மாதத் தரவை அங்கேயே ஏற்றுமதி செய்யச் சொல்லிப் பாருங்கள். மின்னணு வடிவில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் ஒரு நகல் வைத்திருக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருப்பதால், சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, தினசரி நகல் எங்கே சேர்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.

தள்ளுபடி பேசும் நேரத்தில் காசோலைப் புத்தகம் கையில் இருக்கக் கூடாது. நாங்கள் இப்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். இன்று மட்டும் என்று சொன்ன விலையை மின்னஞ்சலில் எழுதி, முப்பது நாள் செல்லுபடியாகும் கொட்டேஷனாக அனுப்பச் சொன்னால், பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள்.

திரும்பிய பிறகு

சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறியதும் படுத்துத் தூங்காமல், நோட்டை எடுத்து இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகுதான் பேசுங்கள். முதலில் பேசிவிட்டால் முதலாளியின் கருத்தே இருவருடைய கருத்தும் ஆகிவிடும். எங்கள் கட்டில் இருந்த ஐந்து காகிதங்களில் மூன்றையாவது கண் முன்னே முடித்துக் காட்டாத எதையும் அடுத்த சுற்றுக்கு எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். சென்ற முறை அதில் தேறியவை இரண்டு.

தேறியவர்களுக்கு அந்த வாரத்திலேயே ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். வாயால் சொன்னது என்ற இரண்டாவது பத்தியை வரிக்கு வரி அதில் எழுதி, இவையெல்லாம் கொடுத்த விலைக்குள் அடங்குமா, எத்தனை நாளில் முடியும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். கஸ்டமைசேஷன் என்ற ஒரே சொல்லில் முடிந்துபோன பதில்கள் இங்கே நாட்களாகவும் ரூபாயாகவும் விரியும். பதில் வந்ததும் சோதனைக் கணக்கு ஒன்று கேட்டு வாங்கி, பெயர் மாற்றிய ஒரு மாதத் தரவை ஏற்றி, உங்கள் பில் போடுகிறவரையே அதில் இரண்டு வாரம் வேலை செய்ய விடுங்கள்.

கடைசியாக, அதே மென்பொருளை ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தும், உங்கள் தொழிலிலேயே உள்ள ஒரு நிறுவனத்தைக் காட்டச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். முதலாளியின் அறையில் உட்கார வைத்து நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், ஏனெனில் பணம் போட்டவர் வேறு எதையும் சொல்ல மாட்டார். காபி குடித்து முடித்ததும், டெஸ்பாட்ச் பகுதியில் பில் போடுகிறவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் ஒரு சலான் போடும் வரை பக்கத்தில் நின்று, திரையின் கீழ்ப்பட்டையில் எக்செல்லின் பச்சைச் சின்னம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால், அதில் என்ன எழுதுகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.